வாவியைக் கடந்த கூத்து

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஞாயிற்றைக் கொண்டு பெயர் பெற்றவை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கி நீளும் கிழக்குக் கரை எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக மேற்கே விரியும் கரை படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்நீர்ப்பரப்பு ஒரு மாவட்டத்தை இருவேறு வாழ்க்கைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றது. நெடுஞ்சாலையும் சந்தையும் அலுவலகங்களும் கிழக்குப் பக்கத்தில் அமைய, நெல்லும் பாலும் கூத்தும் மேற்குப் பக்கத்தில் வளர்ந்தன எனப் பொதுப்படக் கூறலாம்.

இக்கரைகளை நெடுங்காலமாக இணைத்தவை பாதைகள். 'பாதை' என்னும் சொல்லுக்கு மட்டக்களப்பு வழக்கில் ஒரு தனிப்பொருள் உண்டு. மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான மிதவையே அங்குப் பாதை எனப்படும். மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு ஒரு பாதை, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஒரு பாதை, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒரு பாதை என இவை வாவியின் வெவ்வேறு இடங்களில் ஓடின. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே ஒரு துறையிலாவது காத்திருப்பு ஒழிந்தது. ஒரு துறையில் நெரிசலாயின் அடுத்த துறைக்குச் செல்வது படுவான்கரையாரின் பழைய அனுபவம். பெரிய கலியாணமொன்றின் சனமும் சாமானும் இரண்டு மூன்று துறைகளாற் பிரிந்து சென்று, அக்கரையில் ஒன்றையொன்று காத்திருந்து மீண்டும் ஒரே ஊர்வலமாகச் சேர்வதும் உண்டு. 2025ஆம் ஆண்டின் வைகாசி மாதத்தில், படுவான்கரைக் கிராமமொன்றில் ஆடப்பட்ட கூத்து ஒன்று பாரிஸ் நகர்வரை சென்ற வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வழக்கம் பெரிதும் துணைபுரியும்.

வாவியின் ஓசையைத் தொலைவுக்கு அனுப்பும் முயற்சி புதியதன்று. நிலவு நாள்களிற் கல்லடிப் பாலத்தருகே நீருக்கடியிலிருந்து எழும் ஒலியே மட்டக்களப்புக்குப் 'பாடும் மீன்களின் நாடு' என்னும் பெயரைத் தேடிக் கொடுத்தது. 1960களில், புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளாரின் உதவியோடு அவ்வொலி நாட்டின் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. பாலத்துக்கு ஒருபோதும் வந்திராதோரும் வாவியைச் செவியாற் கண்டனர்.

கூத்தை அதன் ஊருக்கு வெளியே கொண்டு செல்லும் முயற்சியும் அதே காலத்தது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' தொடக்கம் பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' எனத் தொடர்ச்சியாகக் கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்படும் ஆட்டம் நகர மண்டபத்துக்கும் படித்தோரின் நேரத்துக்கும் ஏற்பச் சுருக்கப்பட்டது. அச்சுருக்கம் கூத்துக்குப் புதிய பார்வையாளரைத் தந்தது. அழிந்துபோகக்கூடிய கலையொன்றுக்குக் கல்வியுலகில் இடம் தேடித் தந்தது. ஆயினும், ஊரிற் பிறந்து ஊரை விட்டுப் போனோருக்கு வேண்டுவது சுருக்கம் அன்று. மாலையில் மத்தளம் முழங்கத் தொடங்கி, குழந்தைகள் பாயில் உறங்கிப் போக, வைகறையில் வாழி பாடி முடியும் அந்த முழு இரவே அவர்களுக்கு வேண்டுவது.

மேற்சொன்ன கிராமத்தின் அண்ணாவியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவருடைய மூத்த மகள் 2008ஆம் ஆண்டு கணவருடன் பிரான்ஸ் நாட்டுக்குச் சென்றவர். படுவான்கரை 2007ஆம் ஆண்டு வரை போரின் நடுவே கிடந்தது. அதன் பின்னரும் அச்சம் நீங்காத காலம் அது. அங்கு அவருக்கு அகதித் தகைமை கிடைத்தது. உலகின் பல நாடுகளுக்கும் செல்ல இடந்தரும் அகதிப் பயணப் பத்திரம், தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் செல்ல இடந்தராது. எனவே பதினேழு ஆண்டுகளாகத் தந்தையும் மகளும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. கிழமைதோறும் தொலைபேசியிற் பேசிக்கொள்வர். "எப்படி அப்பா?" என மகள் கேட்பார். "சுகம் மகள்" என்பார் தந்தை. இவ்விரு வாக்கியங்களும் ஆண்டாண்டாக மாறவில்லை.

அவ்வாண்டு அபிமன்யுவின் கதையைக் கூறும் வடமோடிக் கூத்தொன்றைப் பழக்குவதற்கு அண்ணாவியார் இசைந்தார். இதுவே தமது கடைசிக் கூத்து என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஊர் அறிந்திருந்தது. அவருடைய தங்கையின் மகன், அயலூர்ப் பாடசாலையொன்றில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளைஞர். தாய்வழிக் குடிமுறை வழங்கும் அப்பகுதியில் மருமகன் மாமனுக்கு மகனிலும் நெருங்கிய உரிமையுடையவன். கூத்து முழுவதையும் படம்பிடித்து அனுப்புவதாக அவர் பாரிசிலிருந்த மச்சாளிடம் கூறியபோது கிடைத்த மறுமொழி அவர் எதிர்பாராதது.

"பதிவு செஞ்சத எப்பவும் பாக்கலாம் மச்சான். அப்பா மத்தளம் அடிக்கிற நேரத்தில நானும் முழிச்சிருக்கணும்."

நேரடி அஞ்சல் என்பதன் பொருள் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிட்டது. காட்சியை அனுப்புவது மட்டும் அதன் பணி அன்று. இரண்டு இடங்களில் உள்ளோரை ஒரே இரவில் விழித்திருக்கச் செய்வதும் அதன் பணியாகும்.

விருப்பம் எளிது, வழி எளிதன்று. பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் இத்தகைய பணிக்குச் செய்மதித் தட்டுப் பொருத்திய ஊர்திகளைக் கொண்டு வருவன. கிராமத்துக்கு அது எட்டாக்கனி. கண்ணாடியிழைக் கம்பி அவ்வூர்வரை வந்திருக்கவில்லை. எஞ்சியது கையடக்கத் தொலைபேசியின் அலை. இலங்கை இத்துறையிற் பின்தங்கிய நாடு அன்று. 1989ஆம் ஆண்டிலேயே, தெற்காசியாவில் முதன்முதலாக, இங்குக் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. நான்காம் தலைமுறைச் சேவை 2013ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் நகரிற் பாயும் அலை வாவியின் மேற்கே செல்லச் செல்ல மெலிந்தது.

இங்கு இன்னுமொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தொலைபேசி வலையமைப்புகள் மக்கள் பெறுவதற்காக அமைக்கப்பட்டவை; கொடுப்பதற்காக அன்று. கோபுரம் பல பத்து வாற்று வலுவோடு பேசுகின்றது. கையிலுள்ள கருவி ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கு வலுவோடு மறுமொழி சொல்கின்றது. ஆகவே படம் பார்ப்பது எளிதாகவும் படம் அனுப்புவது அரிதாகவும் இருப்பது இயல்பே. ஓரளவு தெளிவான காட்சிக்கு விநாடிக்கு 3 மெகாபிற்று தேவை. ஒன்பது மணித்தியாலக் கூத்துக்கு மொத்தம் 12 கிகாபைற்றுக்கு மேலாகும். கிராமத்தில் எந்த நிறுவனத்தின் சிம் அட்டையும் தனியே நின்று அவ்வேகத்தை இரவு முழுவதும் தாங்கவில்லை. ஒன்று விநாடிக்கு ஒரு மெகாபிற்றுத் தந்தது. மற்றொன்று ஒரு நேரம் நான்கும் மறுநேரம் சுழியமும் தந்தது. மூன்றாவது இரண்டுக்கும் இடையில் தள்ளாடியது.

இவ்விடத்திலேதான் பாதைகளின் பாடம் உதவிற்று. வலுக்குறைந்த பல இணைப்புகளைச் சேர்த்து வலுவான ஓர் இணைப்பாக்கும் முறை உலகிற் புதியதன்று. 2006இல் இஸ்ரேலில் நிறுவப்பட்ட லைவ்யூ என்னும் நிறுவனம், பல சிம் அட்டைகள் பொருத்திய முதுகுப் பையொன்றைச் செய்தியாளருக்கு அளித்து இம்முறையைத் தொலைக்காட்சித் துறையிற் பரப்பிற்று. ஒரே தொடர்பைப் பல வழிகளிற் செலுத்துவதற்கான பொது விதிமுறையொன்று 2013ஆம் ஆண்டில் இணையத் தர அமைப்பினால் வெளியிடப்பட்டது. பின்னர் ஆர்வலர் பலர் இதே பணியைச் செய்யும் மென்பொருள்களை எழுதி இலவசமாகப் பகிர்ந்தனர். முதுகுப் பையின் விலை ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு அப்பாற்பட்டது. இலவச மென்பொருளும் உள்ளங்கையளவான கணினியொன்றும் மூன்று மொடெம்களும் அப்பாற்பட்டவை அல்ல.

முறை இதுவே. கமராவிலிருந்து வரும் காட்சியும் ஒலியும் சிறு பொதிகளாக வெட்டப்படுகின்றன. விநாடிக்கு 3 மெகாபிற்று எனின், அவை விநாடிக்கு ஏறத்தாழ 280 பொதிகளாகும். ஒவ்வொன்றுக்கும் வரிசையெண் இடப்படுகின்றது. சிறுகணினி, அவ்வவ் வேளையில் எந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை அளந்து, பொதிகளை மூன்று மொடெம்களுக்கும் பங்கிடுகின்றது. அவை மூன்று நிறுவனங்களின் வழியாகச் சென்று, சிங்கப்பூரில் வாடகைக்குப் பெற்ற கணினியொன்றைச் சேர்கின்றன. அக்கணினி எண்களைப் பார்த்து வரிசைப்படுத்துகின்றது. வராத பொதியை மீண்டும் அனுப்புமாறு கேட்கின்றது. எல்லாம் சேர்ந்த பின்னரே யூடியூப் தளத்துக்கு ஒரே ஓட்டமாகக் கையளிக்கின்றது. மூன்று துறைகளாற் பிரிந்த கலியாணச் சனம் அக்கரையிற் காத்திருந்து ஊர்வலமாவதும் இதுவும் ஒன்றே.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு; அது தாமதம். சிங்கப்பூர்க் கணினி நான்கு விநாடி காத்திருக்குமாறு இளைஞர் விதித்தார். தளத்தின் தாமதமும் சேர, பாரிசிற் காண்பது களரியில் நிகழ்வதற்கு அரை நிமிடம் வரை பிந்தியதாக இருக்கும். விரைவு வேண்டின் குறை வரும். நிறைவு வேண்டின் பொறுமை வேண்டும். பொறுமையை அவர் தெரிந்துகொண்டார்.

கூத்து அரங்கேறுவதற்கு முன்னர் பல படிகள் உண்டு. ஆளுக்கு ஆள் பாத்திரம் பங்கிட்டுச் சட்டம் கொடுத்தல், பழகுதல், சதங்கை கட்டுதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என அவை மாதக் கணக்கில் நீளும். ஆட்டக்காரர் அடி பழகிய அதே இரவுகளில் இளைஞரும் தம் கருவிகளைப் பழக்கினார். கிழமைக் கூத்துகளில் அஞ்சல் சீராக நடந்தது. ஒரு மொடெம் தளர்ந்தபோது மற்றிரண்டும் சுமையை ஏற்றன. பாரிசிலிருந்து பார்த்த மச்சாள் எதையும் உணரவில்லை. தமது முயற்சி முற்றுப்பெற்றது என அவர் எண்ணினார்.

அடுக்குப் பார்த்த இரவில் அவ்வெண்ணம் கலைந்தது. மாலையில் ஊரில் மின்சாரம் தடைப்பட்டது. களரிக்கு மின்பிறப்பாக்கி இருந்தமையால் ஆட்டம் தடையின்றித் தொடர்ந்தது. ஆனால் இரவு பதினொரு மணியளவில், ஒரே நொடியில், மூன்று மொடெம்களும் அணைந்தன. ஒன்று போனால் மற்றது தாங்கும் என்னும் ஏற்பாட்டில், மூன்றும் சேர்ந்து போவதற்கு இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை.

மறுநாட்காலை அவர் துவிச்சக்கரவண்டியிற் சென்று கண்டறிந்தது எளிய உண்மை. மூன்று நிறுவனங்களின் அலைவாங்கிகளும் ஊருக்கு அப்பால் நின்ற ஒரே கோபுரத்திற் பொருத்தப்பட்டிருந்தன. கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வது செலவைக் குறைக்கும் நல்வழக்கமே. இந்நாட்டிற் பரவலாக உள்ளதே. மின்சாரம் நின்ற பின்னர் கோபுரத்தின் மின்கலங்கள் சில மணித்தியாலம் தாங்கும். அதன் பின் கோபுரம் ஓயும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது நாடெங்கும் மக்கள் இதனைக் கண்டிருந்தனர். பெயரில் மூன்றாக இருந்தவை காலடியில் ஒன்றாக இருந்தன. நிறுவனங்களும் குறைந்து வருகின்றன. 2018இல் ஹட்ச் எட்டிசலாட்டை இணைத்துக்கொண்டது; 2024 யூன் மாதத்தில் டயலொக்கும் எயார்டெல்லும் ஒன்றாயின. ஐந்தாக இருந்தவை மூன்றாயின. இணைப்பது வணிகத்துக்கு நன்மையாகலாம். வழிகளைப் பலவாக்க விரும்புவோனுக்கு ஒவ்வோர் இணைப்பும் ஒரு துறை மூடப்படுவதாகும்.

சோர்ந்து வந்த மருமகனிடம் அண்ணாவியார் நடந்ததைக் கேட்டார். கணினியும் பொதியும் அவருக்கு விளங்காதவை. மூன்று சிம் அட்டையும் ஒரே கோபுரம் என்பது விளங்கிற்று.

"எல்லாரையும் ஒரே பாதையில ஏத்தினா, பாதை தாண்டா எல்லாரும் ஒண்டாத் தாழுறதானே மருமகன்."

குறையின் பெயர் அதுவே. மொடெம்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதாற் பயனில்லை. வழிகள் உண்மையாகவே வேறாக இருத்தல் வேண்டும். இளைஞர் வாவியின் பக்கம் திரும்பினார். பகலிற் புலப்படாத ஒன்று இரவிற் புலப்பட்டது. நீருக்கு அப்பால், எழுவான்கரையில், தென்னைகளுக்கு மேலாகக் கோபுரமொன்றின் செவ்விளக்கு எரிந்தது. அக்கோபுரம் வேறு மின்வழியில் நின்றது. நெடுஞ்சாலைக் கண்ணாடியிழையோடு இணைந்தது. இடையே தடையற்ற நீர்ப்பரப்பு. நிலத்தில் நின்று பார்த்தால் மரங்கள் மறைத்தன. கோயிலுக்கு அருகேயுள்ள பாடசாலையின் நீர்த்தாங்கியில் ஏறி நின்றால் செவ்விளக்கு நேரே தெரிந்தது.

மூன்று மொடெம்களுள் ஒன்றைச் சிறு ரவுட்டர் ஒன்றோடு பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, மழை புகாது கட்டி, நீர்த்தாங்கியின் உச்சியிற் கிழக்கு நோக்கிப் பொருத்தினார். மொடெம்மின் சொந்தக் கம்பி ஐந்து மீற்றருக்கு மேற் சென்றால் தளர்ந்துவிடும். வலையமைப்புக் கம்பியோ நூறு மீற்றர் வரை செல்லும். தாங்கியிலிருந்து களரி அறுபது மீற்றர். கம்பியைப் பூவரச மரங்களின் மேலாக இழுத்துவர ஊர்ச் சிறுவர்கள் உதவினர். பழைய கார் மின்கலமொன்று பெட்டிக்கு மின்சாரம் வழங்கிற்று. இவ்வாறு மூன்று பாதைகளுள் ஒன்று வேறு துறைக்கு மாறிற்று.

அரங்கேற்ற நாளும் வந்தது. இரவு ஒன்பது மணிக்குக் களரி வெளித்தது. பாரிசில் அப்பொழுது மாலை ஐந்தரை மணி. மண்ணால் உயர்த்திய வட்டக்களரியைச் சுற்றி நான்கு திசையிலும் மக்கள் அமர்ந்தனர். கரப்புடுப்பு அணிந்த வீரர் வரவு ஆடியபோது நூற்றுக்கணக்கான கைபேசிகள் உயர்ந்தன. ஊருக்கு இது பெருமை. ஊரின் கோபுரத்துக்கோ பெருஞ்சுமை. ஒவ்வொரு கைபேசியும் தன் படத்தை அனுப்ப முயல, உள்ளூர்க் கோபுரத்தோடு இணைந்திருந்த இரு மொடெம்களும் அரை மெகாபிற்றுக்குக் கீழே இறங்கின. நீர்த்தாங்கியில் இருந்த மொடெம் மட்டும், கூட்டத்தின் ஆரவாரம் எட்டாத அக்கரைக் கோபுரத்தோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தது. ஆயினும் அது தனியே முழுச் சுமையையும் தாங்கவில்லை. எதையேனும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

எதை விடுவது என்பதை இளைஞர் முன்னரே மாமனிடம் கேட்டு வைத்திருந்தார். அண்ணாவியாரின் தீர்ப்பு ஐயமற்றது. முகம் மங்கலாகத் தெரிந்தால் ஆளை ஆட்டத்தாற் கண்டுகொள்ளலாம். மத்தளமும் சதங்கையும் பிசகினால் அது கூத்தே அன்று. ஆகவே ஒலிக்கு உரிய பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் காட்சிக்கு அளிக்குமாறு கருவி அமைக்கப்பட்டிருந்தது. காட்சி மங்கிற்று, தாளம் ஒரு மாத்திரையும் தவறவில்லை. நள்ளிரவுக்குப் பின் கூட்டம் உறக்கத்தில் ஆழ, கைபேசிகள் தாழ, காட்சி மீண்டும் தெளிந்தது.

சோதனை காலை மூன்று மணிக்கு வந்தது. அது கருவியைச் சார்ந்ததன்று. அபிமன்யு சக்கரவியூகத்துள் நுழையும் கட்டம். ஆட்டம் விரைவு கொள்ளும் இடம். மத்தளத்தின் மீது அண்ணாவியாரின் வலக்கை தயங்கிற்று. முதலில் ஓர் அடி பிந்தியது. பின்னர் மற்றோர் அடி. சில மாதங்களாகவே அவருடைய மணிக்கட்டு நடுங்குவதை அருகிலிருந்தோர் அறிவர், பாரிஸ் அறியாது. கமரா அவரை நோக்கியே நின்றது. இளைஞரின் விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது. ஒரு தட்டல் போதும்; காட்சி நின்றுவிடும். பின்னர் அலை மெலிந்தது எனக் கூறினால் எவரும் நம்புவர். ஊரின் அலை மெலிவதை அறியாதார் யார்?

அண்ணாவியார் கமராவின் பக்கம் திரும்பவில்லை. அருகில் இருந்த மாணவனுக்குத் தலையசைத்து, தாளம் அறாமல், மத்தளத்தை அவன் மடிக்கு மாற்றினார். தாம் தாளத்தைக் கையிலெடுத்துப் பாட்டைத் தொடர்ந்தார். இளைஞர் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தார். காட்சி எவ்விதத் தடையுமின்றிச் சிங்கப்பூர் வழியே சென்றது. கிராமத்து நொடி அரை நிமிடம் கழித்துப் பாரிசில் நிகழ்ந்தது.

வைகறை ஆறு மணிக்கு வாழி பாடி முடிந்தது. பாரிசில் இரவு இரண்டரை மணி. தொலைபேசி ஒலித்தது. மகளின் முதல் வினா வழக்கமான வினாவாக இருக்கவில்லை.

"அப்பா, மூணு மணிக்கு மத்தளத்த ஏன் குடுத்தீங்க?"

அண்ணாவியார் சற்று நேரம் பேசவில்லை. கோயில் வாசலில் ஆட்டக்காரர் உடுப்புக் களைந்துகொண்டிருந்தனர். பின்னர், பதினேழு ஆண்டுகளாகச் சொல்லி வந்த "சுகம்" என்னும் சொல்லை விடுத்து, "கை நோகுது மகள்" என்றார். அதன் பின் இருவரும் நெடுநேரம் பேசினர். மருந்து, வைத்தியர், உணவு, உறக்கம் என இத்தனை ஆண்டுகளும் பேசப்படாதவை யாவும் அன்று காலை பேசப்பட்டன. தொலைபேசி ஒருவர் சொல்ல விரும்புவதை மட்டும் கொண்டு செல்லும். நேரடிக் காட்சியோ சொல்ல விரும்பாததையும் கொண்டு சென்றுவிடும். அது துன்பமாகவும் இருக்கலாம். ஆனால் உறவென்பது அதுவும் சேர்ந்ததே.

இம்முயற்சியைத் தொழினுட்பத்தின் வெற்றி எனக் கூறுவது அரைப்பங்கு உண்மையாகும். வலுவான ஒன்றை நம்பாமல், தளரக்கூடிய பலவற்றைச் சேர்த்து, ஒன்று தளரும்போது மற்றது தாங்குமாறு செய்தல் என்பதே அதன் கொள்கை. கூத்து இதனை முன்னரே அறிந்திருந்தது. ஒன்பது மணித்தியாலம் ஒருவரால் ஆட இயலாது என்பதால், ஒரே பாத்திரத்தை முன்பாதி ஒருவரும் பின்பாதி மற்றொருவரும் ஆடுவது வழக்கம். ஆடுவோனின் குரல் தளரும்போது பிற்பாட்டுக்காரர் வரியை ஏற்றுப் பாடுவர். அண்ணாவியாரின் கை தளர்ந்தபோது மாணவனின் கை இருந்தது. அம்மாணவன் வேறொரு கோபுரம். வேறு காலத்தில் ஊன்றியது. எல்லோரும் ஒரே தலைமுறையாக இருந்திருப்பின், அந்த மூன்று மணிக்குத் தாளம் அறுந்திருக்கும்.

அதே ஆண்டு யூலை மாதத்தில் ஸ்ராலிங்க் என்னும் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கிற்று. இனி நீர்த்தாங்கியில் ஏற வேண்டியதில்லை என இளைஞரிடம் பலர் கூறினர். அவர் அதனை மறுக்கவில்லை; ஆனால் பெட்டியை இறக்கவும் இல்லை. வானத்து வழி வருமாயின் அது நான்காவது பாதையாகட்டும் என்பதே அவருடைய எண்ணம். பாலம் வந்த பின்னரும் துறையை மறவாதிருப்பது வாவிக்கரையாரின் இயல்பு.

அரங்கேற்றத்தின் பின்னர் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவது வழக்கம். வீட்டார் இயன்ற அன்பளிப்பை வழங்குவர். மட்டக்களப்பு முறைப்படி வீடு பெண்ணுக்கு உரியது. பாரிசிலுள்ள மகளின் பெயரிலும் அவ்வூரில் ஒரு வீடு உண்டு. பதினேழு ஆண்டுகளாக அதில் உறவினர் விளக்கேற்றி வருகின்றனர். அவ்வாண்டு கூத்தர் அவ்வீட்டு முற்றத்திலும் ஆடினர். அன்று களரியும் இல்லை, கூட்டமும் இல்லை; மருமகன் ஒரு கைபேசியை மட்டும் உயர்த்திப் பிடித்தார். காட்சி இருமுறை அறுந்து மீண்டது. மத்தளம் மாணவனின் மடியில் இருந்தது. அண்ணாவியார் திண்ணையில் அமர்ந்து தாளம் போட்டார். ஆட்டம் முடிந்ததும், வீட்டுக்காரி என்ற முறையில் மகள் பாரிசிலிருந்து ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தாம் அனுப்பிவைத்திருந்த அன்பளிப்பை வழங்குவித்தார். பெயர் அழைக்கப்பட்டோர் கைபேசிக்கு முன்னே வந்து, வாசலில் நிற்கும் வீட்டுக்காரிக்குச் செய்வது போலவே கும்பிட்டுச் சென்றனர்.